நோயால் மறுத்த வேலையைத் திரும்பக் கேட்பது மானக்கேடல்ல

நியமனக் கடிதம் கைக்கு வந்த கிழமையில் காய்ச்சலில் விழுந்தவர் இருக்கிறார். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர் இருக்கிறார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரியவந்தவர் இருக்கிறார். இவர்களில் ஒருவர், "இப்போது என்னால் கடமையைப் பொறுப்பேற்க முடியாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வேலை இனி ஆயுளுக்கும் அவருக்கு இல்லை என்பதுதான் எங்கள் பக்கத்துத் தீர்ப்பு. நறுவிலிக்குளம், வங்காலை, நானாட்டான், முருங்கன் என்று மன்னார்ப் பெருநிலப்பரப்பின் எந்த ஊருக்குப் போனாலும் இந்தத் தீர்ப்பைக் கேட்கலாம். உடம்பு தேறுகிறது. ஒரு வருடம் கழித்து அதே நிறுவனம் மறுபடி விளம்பரம் போடுகிறது. அவர் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கிறார். தடை வீட்டுக்குள்ளேயே தொடங்குகிறது. "வந்த சீதேவியைக் காலால உதைச்சுப்போட்டு, இப்ப என்ன முகத்தோட அங்க போய் நிக்கப் போறாய்?"

இப்படிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. பிள்ளை போய்த் தலைகுனிந்து திரும்பக்கூடாது என்ற பயம்தான் அவர்களைப் பேசவைக்கிறது. ஆனால் அக்கறையோடு சொல்லப்படும் தவறும் தவறுதான். தகுதியுள்ளவர்கள் விண்ணப்ப முடிவுத் திகதியை வீட்டுக்குள் இருந்தபடியே கடந்து போகவிடுவதற்கு இந்தப் பேச்சே காரணமாகிறது. இதற்குப் பின்னால் நிற்கும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், ஒன்றுகூட நின்றுபிடிக்காது என்பதே என் வாதம்.

முதல் நியாயம்: கிடைத்ததை உதறியவருக்கு அதைத் திரும்பக் கேட்கும் உரிமை இல்லை. உதறுவதென்றால், எடுக்கவும் விடவும் முடிந்த நிலையில் ஒருவர் இருந்திருக்க வேண்டும். சம்பளம் போதாது, தூரம் அதிகம், கொழும்பில் இதைவிட நல்ல இடம் கிடைக்கும் என்று மறுத்தவருக்கு அந்த நிலை இருந்தது. சேலைன் ஏறிக்கொண்டிருந்த கட்டிலில் கிடந்தவருக்கு அது இருக்கவில்லை. காய்ச்சலில் கிடந்து ஒரு காலபோகத்தை விதைக்காமல் விட்ட கமக்காரரிடம், அடுத்த போகத்துக்குக் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் உமக்கில்லை என்று எந்தக் கமக்காரர் அமைப்பும் சொன்னதில்லை. வயலுக்கு உள்ள நியாயம் உத்தியோகத்துக்கு இல்லாமல் போனது எப்படி?

நாட்டின் சட்டத்துக்கும் இந்த வேறுபாடு தெரியும். இலங்கையில் ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து வருடம் தடையின்றித் தன்னுடையதாக ஆண்டுவந்தால், ஆட்சியுரிமை கோர முடியும். யுத்த காலத்தில் உரிமையைத் தேடி நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களின் காணிகள் அப்படிப் பறிபோய்விடக் கூடாது என்பதற்காக, ஆட்சியுரிமை தொடர்பான விசேட ஏற்பாடுகள் சட்டத்தைப் பாராளுமன்றம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் வழக்காட முடியாதிருந்தவருக்கு, அந்தக் காலம் பத்து வருடக் கணக்கில் சேராது. மனிதருடைய கைமீறிய ஒன்று அவரைத் தடுத்து வைத்திருந்த காலத்தை அவருக்கு எதிரான சாட்சியாக வைக்கக்கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் உள்ளிருக்கும் அறம். மன்னாரில் இடம்பெயராத குடும்பங்கள் அரிது. "நீர்தானே விட்டிட்டுப் போனீர்" என்று இடம்பெயர்ந்தவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அதே சொல்லை, நோயால் இடம்பெயர்ந்தவரிடம் மட்டும் நாங்கள் கூசாமல் சொல்கிறோம்.

பரீட்சையில்கூட நாங்கள் இவ்வளவு கடுமையாக இல்லை. உயர்தரப் பரீட்சை மூலம் பல்கலைக்கழகம் போக மாணவருக்கு மூன்று தடவை உண்டு. பரீட்சை நாளில் டெங்குவோடு வைத்தியசாலையில் கிடந்த பிள்ளையை, அடுத்த வருடம் எழுதச் சொல்லி ஊரே தைரியப்படுத்துகிறது. அதே பிள்ளை பட்டம் பெற்று, வேலை கிடைத்து, அப்போது நோயில் விழுந்தால் மட்டும் ஒரே தடவையோடு கதை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது நியாயம் மிகவும் கெட்டித்தனமானது போல ஒலிக்கும்: "சைன் வைச்சுப்போட்டு மெடிக்கல் போட்டிருக்கலாம்தானே. நேர்மை பார்த்து இப்ப என்னத்தைக் கண்டது?" கடமையைப் பொறுப்பேற்றதாக ஒரு நாள் ஒப்பமிட்டு, அடுத்த நாளிலிருந்து வைத்தியச் சான்றிதழ் அனுப்பிக்கொண்டிருப்பதுதான் புத்தி என்று இதற்குப் பொருள். தனியார் துறையில் இந்தப் புத்தி பலிக்காது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, முதல் வருடத்தில் இரண்டு மாத வேலைக்கு ஒரு நாள் என்ற அளவில்தான் சுகயீனத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சம்பளத்துடன் லீவு உண்டு. இரண்டாம் வருடத்திலிருந்தும் அது 7 நாள்தான். காசநோய்க்கான வழமையான சிகிச்சை ஆறு மாதம். சேர்ந்த மாதத்திலேயே நோயில் விழுந்தவரை அந்தச் சட்டம் தாங்காது.

அரச சேவையில் இந்த ஆலோசனை ஓரளவு பலிக்கலாம். அங்கேதான் அதன் அநீதி இன்னும் பெரியது. ஒரு கிராமத்துப் பாடசாலைக்குக் கணித ஆசிரியர் ஒருவர் நியமிக்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஒப்பமிட்டுவிட்டு மாதக்கணக்காக வரவில்லை. ஏட்டில் அந்த இடம் நிரம்பியிருக்கிறது. வெற்றிடம் இல்லாத இடத்துக்கு வலயக் கல்வி அலுவலகம் இன்னொருவரை அனுப்புவது கடினம். வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் தவணையைக் கழிக்கிறார்கள். "என்னால் இப்போது வர முடியாது, வேறொருவரைப் போடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தவரோ, முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருடப் பாடத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார். இவரைத் தண்டித்துவிட்டு, ஒப்பமிட்டுவிட்டுப் படுத்தவரைக் கெட்டிக்காரர் என்று மெச்சுகிற சமூகம், தன் பிள்ளைகளுக்கு எதைப் படிப்பிக்கிறது?

மூன்றாவது நியாயத்தை நான் மதிக்கிறேன். அது உண்மையான வலியிலிருந்து வருகிறது. வடக்கில் பட்டதாரிகள் வேலைக்காகத் தெருவில் இருந்தவர்கள். 2017இல் யாழ்ப்பாணத்தில் மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்காக நடந்த போராட்டத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரச ஆட்சேர்ப்பு இன்னும் இறுகியது. "இவ்வளவு பேர் ஒரு தடவைகூடக் கிடைக்காமல் காத்திருக்க, கிடைத்ததை விட்டவர் இரண்டாம் தடவை வருவது நியாயமா?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானது. அதற்கான விடை, மறுத்த அன்று நடந்ததில் இருக்கிறது. அவர் விட்ட இடம் காற்றில் கரைந்து போகவில்லை. பட்டியலில் அடுத்ததாக இருந்தவருக்கோ, அடுத்த சுற்றில் வந்தவருக்கோ அது போயிருக்கும். காத்திருந்தவர்களின் வரிசை அவரால் ஒரு ஆளால் குறைந்தது. இப்போது அவர் பழைய நியமனத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கவில்லை. யாரையும் எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் இருக்கவும் கேட்கவில்லை. புதிய விளம்பரத்துக்குப் புதிய விண்ணப்பம், மற்றவர்களோடு ஒன்றாகப் போட்டிப் பரீட்சை, ஒன்றாக நேர்முகப் பரீட்சை. வரிசையின் கடைசியில் வந்து நிற்பவரை, வரிசையில் முந்தியவர் என்று எப்படிச் சொல்வது? காத்திருப்பவர்களின் கோபம் வெற்றிடங்களை நிரப்பாமல் வைத்திருப்பவர்களை நோக்கிப் போக வேண்டியது. நோயிலிருந்து எழும்பி வந்தவரின் மேல் அதைக் கொட்டுவது, கிட்ட நிற்பவரை அடிப்பது.

நான்காவது நியாயம்தான் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. வெளியே சொல்லாவிட்டாலும் பலரின் மனதில் இருப்பது: ஒருமுறை விழுந்த உடம்பு இன்னொருமுறையும் விழும், அவர் அலுவலகத்துக்குச் சுமை.

வரலாறு இதற்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஜப்பானின் ஷின்சோ அபே 2006 செப்டெம்பரில் பிரதமரானார். ஒரு வருடத்திலேயே, 2007 செப்டெம்பரில், பதவி விலகினார். பெருங்குடலில் புண்ணையும் அழற்சியையும் உண்டாக்கும் நாட்பட்ட நோய் அவருக்கு இளவயதிலிருந்தே இருந்தது. அப்போது அவரைப் பலமில்லாதவர் என்று பலர் எழுதினார்கள். அவர் சிகிச்சை பெற்றார், தேறினார். 2012 செப்டெம்பரில் தன் கட்சித் தலைமைக்கு மறுபடி போட்டியிட்டார். அந்த டிசெம்பரில் இரண்டாம் முறை பிரதமரானார். அங்கிருந்து 2020 வரை, ஏறத்தாழ எட்டு ஆண்டுகள், இடைவிடாமல் பதவியில் இருந்து, ஜப்பானின் வரலாற்றிலேயே மிக நீண்டகாலம் பிரதமராக இருந்தவர் என்ற இடத்தைப் பிடித்தார். அவருடைய அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம்; அது வேறு விடயம். 2020இல் அதே நோய் திரும்பி வந்தது, அதைக் காரணமாகச் சொல்லி அவர் விலகினார் என்பதையும் நான் மறைக்கவில்லை. "பார்த்தீர்களா, நோய் திரும்பி வந்ததே" என்று ஒருவர் சொல்லலாம். ஆம், வந்தது. அதற்கு முன் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அவர் ஒரு நாட்டின் ஆட்சியை நடத்திவிட்டார். நோய் திரும்பி வரக்கூடும் என்ற பயத்தில் 2012இல் கதவைச் சாத்தியிருந்தால், அந்த எட்டு ஆண்டு ஆட்சியும் நடந்தே இருக்காது.

இதையெல்லாம் தூர தேசத்துக் கதை என்று தள்ள வேண்டாம். எங்கள் சனம் உயிராய் நேசித்த ஒருவரையே எடுப்போம். நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்த எம்.ஜி.ஆர்., தமிழ்நாட்டின் முதலமைச்சராக இருந்தபோது 1984 ஒக்டோபரில் கடுமையாக நோயுற்றார். சிறுநீரகம் செயலிழந்தது, பக்கவாதமும் தாக்கியது. அமெரிக்காவின் புரூக்ளினில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 1984 டிசெம்பர் தேர்தலில் அவர் ஒரு மேடையிலும் ஏறவில்லை. வைத்தியசாலையில் இருந்தபடியே ஆண்டிபட்டியில் வென்றார், கட்சியும் வென்றது. 1985 பெப்ரவரியில் மூன்றாம் முறை முதலமைச்சராகப் பதவியேற்றார். பேச்சு முன்போல் தெளிவாக இல்லை. அப்படியிருந்தும் 1987 டிசெம்பரில் இறக்கும்வரை அந்தப் பதவியில் அவரே இருந்தார். அந்த வெற்றியை ஈழத்திலும் எத்தனையோ வீடுகளில் கொண்டாடினார்கள். நோயாளிக்கு எதற்கு நாற்காலி என்று அந்த வீடுகளில் யாரும் கேட்கவில்லை.

இந்தியத் துடுப்பாட்ட வீரர் யுவராஜ் சிங்கை எடுங்கள். 2011 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன். இரண்டு நுரையீரல்களுக்கும் இடையில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்து, 2012இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரசாயனச் சிகிச்சை பெற்றார். அதே வருடம் செப்டெம்பரில் சென்னையில் நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணிக்குத் திரும்பினார். 2017 ஜனவரியில் கட்டாக்கில் இங்கிலாந்துக்கு எதிராக 150 ஓட்டங்கள் எடுத்தார். ஒருநாள் போட்டிகளில் அவருடைய ஆகக் கூடிய ஓட்டம் அதுதான். நோய்க்கு முன்பல்ல, நோய்க்குப் பின்பு. எங்கள் ஊர்களில் அந்த ஆட்டங்களைப் பார்த்துக் கைதட்டியவர்கள், அயல் வீட்டுப் பிள்ளை அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவிக்கு மறுபடி விண்ணப்பிக்கும்போது மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு ஏன் கதைக்கிறார்கள்?

பெரியவர்களுக்கு ஒரு நியாயம், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. ஒருவரின் உடம்பு ஒரு வேலைக்கு ஏற்றதா என்பது ஊர் தீர்க்கும் விடயமும் அல்ல. அதற்கு வைத்தியர் இருக்கிறார். அரச நியமனம் பெறுபவர் வைத்தியப் பரிசோதனைக்குப் போய் உடற்தகுதிச் சான்று பெறவேண்டும் என்ற நடைமுறை இதற்காகவே இருக்கிறது. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். முறையான சிகிச்சை தொடங்கிச் சுமார் இரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்களிடமிருந்து நோய் மற்றவருக்குத் தொற்றுவது நின்றுவிடுகிறது. ஆறு மாத மருந்தை ஒழுங்காக எடுத்தவர் பெரும்பாலும் குணமாகிறார். மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் இந்த மருந்து இலவசம். குணமாகிச் சான்றிதழோடு வருபவரைப் பார்த்து ஊர் இன்னும் ஒதுங்குகிறது என்றால், நோய் அவருடைய நுரையீரலை விட்டுப் போய், எங்கள் மனதில் குடியேறிவிட்டது என்று பொருள்.

சில வேலைகளுக்குச் சில நோய்கள் பொருந்தா என்பதை நான் மறுக்கவில்லை. கட்டுப்படாத வலிப்பு உள்ளவர் பஸ் ஓட்டக்கூடாது. காது பாதிக்கப்பட்டவர் கடலட்டைக்குச் சுழியோடக் கூடாது. ஆனால் அந்த முடிவு இந்த நோய், இந்த வேலை, இன்றைய உடல்நிலை என்று தனித்தனியாக எடுக்கப்பட வேண்டியது. "நோய்க்காரர்" என்ற ஒரே பெயரை ஒட்டி எல்லாக் கதவையும் சாத்துவது மருத்துவமாகாது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தது. ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்த ஒருவர், எச்.ஐ.வி. தொற்று இருப்பதாகத் தெரிந்ததும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார். வேலை செய்யும் உடற்தகுதி இருந்து, உடன் வேலை செய்பவர்களுக்குப் பெரிய ஆபத்தும் இல்லாதபோது, தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் வேலையை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அவருடைய பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்க்கவும் உத்தரவிட்டது. பெயர் வெளியே வராமல் வழக்காட அந்த மனிதருக்கு நீதிமன்றம் இடம் கொடுத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். திரும்பக் கேட்டவருக்குச் சட்டம் முகத்தையும் காத்துக் கொடுத்தது.

கதவை உண்மையிலேயே நிரந்தரமாகச் சாத்தி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகப் புறப்பட்டவர்கள், எப்போதோ ஆறிப்போன காசநோயின் தழும்பு எக்ஸ்ரேயில் தெரிந்ததற்காக மட்டும் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். ஆறிய தழும்பு யாருக்கும் தொற்றாது. அந்த விதி பிழையானது. வெளிநாடுகள் வைத்திருக்கும் பிழையான விதியை எங்கள் ஊருக்கும் கொண்டுவந்து, எங்கள் பிள்ளைகள்மேல் நாங்களே பிரயோகிக்க வேண்டுமா?

ஐந்தாவது, "போகிறதென்றால் போ, ஆனால் நோயைப் பற்றி வாய் திறக்காதே" என்ற ஆலோசனை. இதில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். மறுபடி விண்ணப்பித்தால் ஏன் முதலில் போகவில்லை என்ற கேள்வி வரும். விடை வெளியே வந்தால் கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் வேலையும் போகிறது, பிள்ளையின் தன்னம்பிக்கையும் போகிறது. சிலர் குடும்பக் காரணம், வெளிநாட்டுப் பயணம் என்று பொய்க் காரணம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இது ஆபத்து. முதல் தடவை அனுப்பிய கடிதம் கோவையில் இருக்கும். இரண்டாவது அதற்கு முரணாக இருந்தால் நோய்க்குத் தப்பியவர் பொய்க்கு அகப்படுவார்.

உண்மையைச் சொல்வதும் நோயின் பெயரைப் பறையடிப்பதும் ஒன்றல்ல. "மருத்துவக் காரணத்தால் அப்போது பொறுப்பேற்க முடியவில்லை, இப்போது கடமைக்குத் தகுதியானவர் என்ற வைத்தியச் சான்றிதழை இணைத்துள்ளேன்" என்று எழுதினால் உண்மை முழுதாகச் சொல்லப்பட்டுவிட்டது. எந்த நோய், எந்த விடுதி, எத்தனை நாள் என்பதெல்லாம் அவருக்கும் வைத்தியருக்கும் இடையிலானவை. எங்கள் உறவினர் பரந்து வாழும் பிரித்தானியாவில், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் விண்ணப்பதாரரின் உடல்நிலையைப் பற்றி விசாரிப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1990இன் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மருத்துவப் பரிசோதனையை வேலை வழங்க முன்வந்த பிறகுதான் வைக்கச் சொல்கிறது. முதலில் தகுதியைப் பார், பிறகு உடம்பைப் பார் என்ற இந்த ஒழுங்கு நாகரிகமானது.

இலங்கைச் சட்டத்தில் இந்த இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கவீனம் உள்ளவர்களுக்கு அரச வெற்றிடங்களில் 3 வீதம் ஒதுக்க வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88, 1988இலேயே சொல்லிவிட்டது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனத்தைக் காரணமாக வைத்து ஆட்சேர்ப்பில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. அவை நடைமுறையில் எவ்வளவு மெலிந்திருந்தாலும் ஏட்டிலாவது இருக்கின்றன. ஆனால் நோயுற்று, தேறி, முழு உடற்தகுதியோடு திரும்பி வருபவர் அங்கவீனர் அல்லர். அந்தக் குடை அவருக்கு இல்லை. அரசியலமைப்பின் 12(2)ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் பாரபட்சம் கூடாது என்று பட்டியல் போடுகிறது. நோய் அந்தப் பட்டியலில் இல்லை. எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்ற 12(1)இன் பொதுச் சொல்தான் அவருக்கு மிஞ்சுகிறது.

அரசால் முடியாது என்று சொல்ல வேண்டாம். 2022 ஜூனில் வெளியான பொது நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022 என்ன செய்தது? நாடு டொலர் இல்லாமல் தத்தளித்தபோது, அரச ஊழியர்கள் வெளிநாடு போவதற்கோ உள்நாட்டில் வேறு வேலை பார்ப்பதற்கோ ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவு கொடுத்தது. சிரேஷ்டத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பில்லை என்றும் உறுதி சொன்னது. உழைக்கப் போனவருக்காக ஐந்து வருடம் இடத்தை வைத்துக் காத்திருக்க முடிந்த அரசுக்கு, மருந்து குடிக்கப் போனவருக்காக ஆறு மாதம் காத்திருக்க முடியாதா? முடியும். மனம் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. நியமனக் கடிதம் பெற்றவர் அரச வைத்திய அதிகாரியின் சான்றிதழோடு வந்தால், பொறுப்பேற்கும் திகதியை ஆறு மாதம்வரை பின்தள்ள வழி வேண்டும். அதற்கு மேலும் நோய் நீண்டால், இடம் அடுத்தவருக்குப் போகட்டும். ஆனால் கோவையில் "மறுத்தார்" என்று எழுதாமல் "மருத்துவக் காரணம்" என்று எழுத வேண்டும். சிகிச்சையில் கழிந்த காலம் அடுத்த ஆட்சேர்ப்பில் வயதைக் கணக்கிடும்போது கழிக்கப்பட வேண்டும். வயதெல்லையை ஒரு வருடத்தால் தவறவிடுபவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. தனியார் நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நாளைக்கே தொடங்கலாம்.

கடைசியாக, "பெயரில் கீறல் விழுந்துவிட்டது, இனி எடுக்க மாட்டார்கள்" என்பவர்களுக்கு. எடுக்காமல் விடலாம். எந்த விண்ணப்பத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஒருமுறை அந்த நிறுவனம் எத்தனையோ பேருக்கிடையில் இவரைத் தெரிவுசெய்தது. படிப்பையும் திறமையையும் பார்த்துத்தான் அந்தக் கடிதத்தை அனுப்பியது. காய்ச்சல் அந்தத் திறமையை எடுத்துப் போகவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வராமல் விட்டவரும், வர முடியாது என்று நேரத்தோடு எழுதி அறிவித்தவரும் நிர்வாகிக்கு ஒன்றல்லர். பின்னவர் பொறுப்புள்ளவர் என்பதற்கு நிறுவனத்தின் கோவையிலேயே சாட்சி இருக்கிறது. சொல்லாமல் விட்டவர்கூட, நினைவு தப்பிக் கிடந்த நாட்களுக்கான வைத்தியசாலை அட்டையைக் காட்டி விளக்கம் கொடுக்கலாம்.

இதை வாசிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியதை நேரடியாகவே சொல்கிறேன். நோயில் இருக்கும்போது, உங்களால் முடியாவிட்டால் வீட்டில் ஒருவரைக் கொண்டாவது நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். வைத்தியச் சான்றிதழின் பிரதியோடு பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். தேறியதும் கடமைக்குத் தகுதி என்ற சான்றிதழை எடுத்து வையுங்கள். மறுபடி விளம்பரம் வந்தால், முந்தைய தெரிவின் திகதியையும் கடித இலக்கத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். நீங்கள் பிழை எதுவும் செய்யவில்லை. நேர்முகத்தில் கேட்டால் இரண்டு வசனத்தில் பதில் சொல்லிவிட்டு, அந்த வேலையை எப்படிச் செய்வீர்கள் என்பதைப் பேசுங்கள்.

பெற்றோருக்கும் ஊருக்கும் ஒரு வேண்டுகோள். நோயிலிருந்து எழும்பி வந்த பிள்ளை விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுக்கும்போது பழைய கதையைக் கிளறாதீர்கள். சமாதான நீதவானின் ஒப்பம் தேவையென்றால் கூட்டிக்கொண்டு போங்கள், தபாற்கந்தோர் பூட்டுமுன் கொண்டுபோய்ச் சேர்க்க உதவுங்கள். வேலை கொடுப்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் முடிவு. நிறுவனம் மறுக்கும் முன்பே ஊர் மறுத்துவிடுவது அநியாயம். அந்த அநியாயத்தைச் செய்ய எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.